விசையின் கனம்

கடம்பூர்
19.8.2024

அன்புத் தம்பி கிருஷ்ணராஜுக்கு,

அக்கா உமாராணி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். சத்யபிரியா திருநெல்வேலி ஹாஸ்டலில் நன்றாக இருக்கிறாள். மடிக்கேரியில் மழை விடவே இல்லை என்று செய்தியில் சொன்னார்கள். கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வராமல் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்.

ஆடியில் அத்தான் உன் பட்டறைக்கு வந்து கொடுத்துவிட்டுப் போன ரைஃபிள் விஷயமாகத்தான் எழுதுகிறேன். வெடித்துப்போன பின்பக்க மரக்கட்டையை மட்டும் மாற்றினால் போதாதாம். குழல், விசை, கட்டை, மேலே வைக்கிற ஸ்கோப் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அசல் வேட்டைத் துப்பாக்கியாகச் செய்து தர வேண்டுமாம். "துப்பாக்கிச் சங்கதியப் போன்ல பேசாதட்டி, எழுதிப் போடு" என்றார். அதனால்தான் கடிதம். கட்டைக்கு என்ன மரம் நல்லது என்று கேட்கச் சொன்னார்.

போன வருஷம் பன்றி இறங்கி மக்காச்சோளத்தைப் பாதிக்குமேல் அழித்துவிட்டது உனக்குத் தெரியும். மார்கழியில் அத்தான் சுட்டது மட்டும் உனக்குத் தெரியாது. பக்கத்துப் புஞ்சை தங்கமாரியின் கன்றுக்குட்டி செத்துப்போனது. புருஷனை இழந்தவள், அந்த ஒரு பசுவையும் கன்றையும் வைத்துத்தான் பிழைத்தாள். வேறு கன்று வாங்கிக் கொடுத்துவிட்டோம். "இருட்டுத நேரம், பன்னி மாதிரிதான் இருந்துச்சு" என்றார் அத்தான். ஊரும் விட்டுவிட்டது.

உனக்கு அங்கே வேலை நிறைய இருக்கும். இதை மெதுவாகவே செய். அவசரமே இல்லை.

உன் அக்கா
உமாராணி


மடிக்கேரி
27.8.2024

அக்காவுக்கு வணக்கம்.

எண்ணெய் தடவிக்கொண்டுதான் இருக்கிறேன். சேற்றுப்புண் இல்லை, அட்டைக்கடிதான். நீயும் அத்தானும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட வீடியோ காலில் பேசும் காலத்தில் அக்காவிடமிருந்து இன்லண்ட் லெட்டர்! தபால்காரர் என்னைக் கல்யாணமாகாத பாவம் என்று நினைத்து ஒரு மாதிரியாகச் சிரித்துக்கொண்டே கொடுத்தார். முதலாளியிடம் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எழுத்து அழகு என்றார்.

கட்டைக்கு வால்நட் மரம்தான் நல்லது. ஈட்டி மரம் பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஆனால் கனம். அரை ஏக்கர் நடப்பதற்குள் தோள் கேள்வி கேட்கும். குழல் நீளமானது வேண்டாம். சோளத்தட்டைக்குள் திரும்பும்போது இடிக்கும். ஸ்கோப் சின்னதாகப் போதும். இன்னொன்று, அத்தானின் லைசென்ஸ் பயிர்க் காவலுக்கு உள்ளது. சட்டப்படி வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டத்தான் முடியும். வானத்தைக் குறிபார்க்க ஸ்கோப் எதற்கு என்று நான் கேட்டதாகச் சொல்லிவிடாதே, அடிக்க வருவார்.

நல்ல துப்பாக்கி என்பது தைத்துப் போடும் சட்டை மாதிரி. ஆள் அளவு வேண்டும். கையை மடக்கி, முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல்வரை அளந்து அனுப்பு. கன்னம் படிகிற இடத்தில் கட்டையில் ஒரு மேடு வைப்போம். அது வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு ஒரு பக்கம், இடது தோளுக்கு மறுபக்கம். அத்தான் வலதுதான், கேட்கவே வேண்டாம்.

தம்பி
கிருஷ்ணராஜ்


கடம்பூர்
15.9.2024

அன்புத் தம்பிக்கு,

அட்டைக்கடிக்கு உப்பை வைத்துத் தேய்க்காதே, புண்ணாகும். இங்கே எல்லோரும் சுகம். மழை இன்னும் விழவில்லை. கரிசல் வெடித்துக் கிடக்கிறது. உழவை முடித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அத்தானின் கையை அளந்து பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கன்ன மேடு இடது தோளுக்கு ஏற்றபடி இருக்க வேண்டுமாம். வலது தோளில் வாயுப் பிடிப்பு என்கிறார். ஸ்கோப் சின்னது வேண்டாமாம். இருக்கிறதிலேயே பெரிய கண்ணாடி உள்ளதாக, உள்ளே குறிப்புள்ளி சிவப்பாக எரிகிற மாதிரி வேண்டுமாம். அந்தப் புள்ளி எவ்வளவு பெரிதாகக் கிடைக்கும் என்று இரண்டு தடவை கேட்கச் சொன்னார்.

அவர் சொன்னதை எழுதிவிட்டேன். நீ ஒன்றும் கேட்காதே. கம்பெனியிலிருந்து வரவழைக்க நாளாகும் என்றால் ஆகட்டும்.

உன் அக்கா
உமாராணி


மடிக்கேரி
24.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசுதான் நலமில்லை.

கேட்காதே என்று எழுதியிருக்கிறாய். கேட்கத்தான் செய்வேன், என் தொழில் அது. இந்த ரைஃபிளில் தோட்டாவை உள்ளே தள்ளுகிற போல்ட் கைப்பிடி வலது பக்கம் இருக்கிறது. இடது தோளில் வைத்தால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையை எடுத்து, துப்பாக்கிக்கு மேலாக நீட்டி இழுக்க வேண்டும். இத்தனை வருஷம் வலது தோளில் சுட்டவர் இந்தத் தொல்லையை விரும்பி வாங்க மாட்டார். தோள்வலிக்காரன் கனத்தைக் குறைக்கத்தான் பார்ப்பான். அத்தான் கேட்கிற ஸ்கோப் ஒரு செங்கல் கனம் இருக்கும். தோளுக்காகச் செய்கிற மாற்றம் இல்லை இது.

ஆடியில் உங்கள் ஊர் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சியோடு காரில் வந்து இறங்கினாரே, அன்றைக்குப் பட்டறைப் படியில் தடுக்கினார். நாற்காலியை முதலில் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். மலைப்பாதையில் வந்த கிறுகிறுப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன். முட்டாள் நான்.

அக்கா, அத்தானுக்குக் கண் எப்படி இருக்கிறது?

கிருஷ்ணராஜ்


கடம்பூர்
20.10.2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். நீ சுகமா? ஒரு வழியாக மழை விழுந்து மக்காச்சோளம் போட்டாயிற்று. முளைப்பு நன்றாக இருக்கிறது. தங்கமாரியும் பக்கத்தில் ஒரு ஏக்கர் போட்டிருக்கிறாள். பன்றிக்காகப் புஞ்சையைச் சுற்றிக் கட்ட என்னிடம் பழைய சேலைகள் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். இந்த வருஷம் எல்லாப் புஞ்சைக்கும் சேலைதான் வேலி. போகிறவர்கள் பார்த்தால் ஊரே துவைத்துக் காயப்போட்டது போல இருக்கும்.

சத்யபிரியா வந்திருந்தாள். போளி வாங்கி வைத்தேன். சர்க்கரை இருக்கிறதே என்று தடுத்தும் அத்தான் கேட்காமல் மூன்று தின்றார்.

விசை லேசாக இருக்க வேண்டுமாம். "வெரல் பட்டாப் போதும், வெடிக்கணும். கண்ட நேரத்துல அடிச்சிரணும்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை.

உன் அக்கா
உமாராணி


மடிக்கேரி
28.10.2024

அக்காவுக்கு,

தீபாவளிக்கு ஊருக்கு வர முடியவில்லை. எல்லோரும் நன்றாகக் கொண்டாடுங்கள்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. போளியைப் பற்றி எழுதினாய், சேலையைப் பற்றி எழுதினாய், கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுவே பதில் போலத்தான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

விசையைப் பற்றி உனக்குச் சொல்கிறேன். வேட்டைத் துப்பாக்கிக்கு விசை கொஞ்சம் கனமாகத்தான் வைப்போம். விரல் அழுத்தத் தொடங்குவதற்கும் குண்டு கிளம்புவதற்கும் நடுவே மனிதனுக்கு ஒரு நொடி கிடைக்கும். அந்த நொடியில் மனம் மாறலாம். "அய்யோ, அது பன்றி இல்லை" என்று கண் சொல்லலாம். லேசான விசை அந்த நொடியைப் பிடுங்கிவிடும். நன்றாகக் கண் தெரிகிறவனுக்கே நான் யோசித்துத்தான் செய்வேன்.

ரைஃபிளை முழுதாகக் கழற்றி, துண்டு துண்டாக எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். நீ உண்மையை எழுதாமல் ஒரு ஆணியைக்கூட முடுக்க மாட்டேன்.

கிருஷ்ணராஜ்


கடம்பூர்
12.11.2024

அன்புத் தம்பிக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற நிலையில்கூட நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், சுகமா?

அத்தானுக்கு வலது கண் போய்விட்டது. சர்க்கரையால் உள்ளே ரத்தம் கசிந்துவிட்டதாம். மதுரையில் டாக்டர் சித்திரையிலேயே சொல்லிவிட்டார், அது இனிமேல் வராது என்று. இடது கண்ணிலும் பாதிதான். ஓரம் தெரிகிறது, நடு தெரியவில்லை. ஆளை உருவத்தை வைத்தும் குரலை வைத்தும்தான் கண்டுபிடிக்கிறார். போன மார்கழியில் கன்றைச் சுட்டபோதே இது தொடங்கியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே சுடலைமாடன் பீடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சூடத்தைக் கொளுத்தி என் கையால் அணைக்கச் சொல்லி, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். "சொன்னேன்னா நம்ம பிள்ளைக்குத்தான் ஆகாது" என்றார். இப்போது உனக்கு எழுதிவிட்டேன். சத்யபிரியாவுக்கு என்ன வருமோ. காலையில் அவளுக்கு போன் செய்தேன். லேசாகத் தலைவலி என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது.

ஏன் போனில் பேசாமல் கடிதம் என்று கேலி செய்தாயே. அத்தான் கண்ணைவிட்டுக் காதால் வாழ்கிறார். அடுப்படியில் நான் முணுமுணுத்தால் வாசலிலிருந்து பதில் வருகிறது. கடிதத்தை மட்டும்தான் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

பன்றி இறங்கினால் ஊரே அவருக்குத்தான் ஆள் அனுப்பும். சங்கரபாண்டி வந்தால்தான் ஆகும் என்பார்கள். அந்தப் பேச்சு இல்லாமல் அவரால் இருக்க முடியாது. தங்கமாரி தினமும் பொழுது சாயும் நேரத்தில் தகரத்தைத் தட்டிக்கொண்டு புஞ்சையைச் சுற்றி வருகிறாள். அவளை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

தம்பி, அந்தத் துப்பாக்கியைச் சேர்த்துவிடாதே.

உமாராணி


மடிக்கேரி
19.11.2024

அக்காவுக்கு,

தைரியமாக இரு. சத்யபிரியாவிடம் நானும் பேசினேன். தலைவலி விட்டுவிட்டது. கேன்டீனில் புரோட்டா தின்றுகொண்டே பேசினாள்.

இந்தக் கடிதத்தில் நான்கு தாள்கள் இருக்கின்றன. முதல் இரண்டு தாள்களை அத்தானுக்கு வாசித்துக் காட்டு. மற்ற இரண்டும் உனக்கு மட்டும்.

முதல் இரண்டில் மரத்தைப் பற்றியே எழுதியிருக்கிறேன். வால்நட் பலகை வந்திருக்கிறது, ஆனால் ஈரம் காயவில்லை. ஈரமரத்தில் கட்டை செய்தால் முறுக்கிக்கொள்ளும், ஆகவே அத்தானின் சம்மதம் இருந்தால் வேறு பலகை பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறேன். அவர் சரி என்றால் மரத்தின் வரியோட்டம் சரியில்லை என்று அடுத்து எழுதுவேன். பிறகு விசையில் மூன்று வகை, அதில் எது வேண்டும் என்று கேட்பேன். துப்பாக்கியில் தேர்ந்தெடுக்க எவ்வளவோ உண்டு அக்கா. தோள்பட்டை வார் கொக்கிக்குக்கூட ஒரு மாதம் இழுக்கலாம். அறுவடை முடியும்வரை நான் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருப்பேன்.

ஆனால் இது போதாது. யாராவது பெரியவர்களிடம் நீ சொல்லத்தான் வேண்டும். சத்தியத்துக்குச் சாட்சியான மாடன் தங்கமாரியையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்?

தம்பி


கடம்பூர்
8.12.2024

அன்புத் தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இனிமேல் ஒரே தாளில் எழுது.

நீ சொன்னபடி முதல் இரண்டு தாளை வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும் கண்ணைத் திறந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீ பிரிக்கையில நாலு தாளு சத்தம் கேட்டுச்சு. வாசிச்சது ரெண்டு. மத்த ரெண்டுல என்னட்டி எழுதிருக்கான்?"

அவனுக்குப் பெண் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறான், வெட்கப்பட்டுத் தனியாக எழுதியிருக்கிறான் என்றேன். சிரித்தார். அப்புறம், "வாசி, கேப்போம்" என்றார். கையில் உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு, கோவில்பட்டியில் ஒரு நர்ஸ் பெண் இருப்பதாகவும் சாதகம் கேட்கச் சொல்லி நீ எழுதியதாகவும் வாய்க்கு வந்ததை வாசித்தேன். நம்பினாரா தெரியவில்லை. அன்றிலிருந்து ரைஃபிளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தபோதுகூட இவ்வளவு பயம் இல்லை.

இன்று காலையில் காரணம் தெரிந்தது. சௌந்தரபாண்டியன் அண்ணாச்சியின் இரட்டைக் குழல் துப்பாக்கி எங்கள் பீரோ இடுக்கில் நிற்கிறது. உன் துப்பாக்கி வரும்வரை இரவல் வாங்கி வந்திருக்கிறார். கதிரில் பால் ஏறிவிட்டது. நேற்று மேலப்புஞ்சையில் பன்றி இறங்கியிருக்கிறது.

தம்பி, என்ன செய்வேன்?

உமாராணி


மடிக்கேரி
13.12.2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்த உடனே போன் செய்தேன். அத்தான்தான் எடுத்தார். "பொண்ணு பாக்கச் சொன்னியாமே மாப்ள" என்று அன்பாகப் பேசினார். உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தார், ஆனால் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தார். நாம் பேசியது உனக்கே தெரியும். மழையா, வெயிலா, அவ்வளவுதான்.

அதன்பிறகு சௌந்தரபாண்டியன் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். நீ சத்தியத்தை மீறினாய் என்று வெளிப்படுத்த மனம் வரவில்லை. அத்தானுக்கு இப்போது குறி தவறுகிறது, துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். சிரித்துவிட்டார். "சங்கரபாண்டி பாக்காத பன்னியாடே" என்றார். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது தப்பு.

தங்கமாரியைப் பொழுது சாய்ந்த பிறகு புஞ்சைப் பக்கம் போக வேண்டாம் என்று சொல். அத்தான் கிளம்பினால் நீயும் கூடப் போ. அவருக்கு முன்னால் மட்டும் போகாதே. பொங்கலுக்குள் லீவு வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

கிருஷ்ணராஜ்


கடம்பூர்
22.12.2024

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமை பொழுது இறங்குகிற நேரம் ஆள் வந்தது, பன்றி நம் புஞ்சைக்குள் நிற்கிறது என்று. அத்தான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நடந்தார். தடம் பழக்கமானது என்பதால் தடுமாறாமல் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். ஊர் ஆட்கள் நாலைந்து பேர் வரப்பில் நின்றார்கள், சௌந்தரபாண்டியன் அண்ணாச்சியும் இருந்தார். பன்றி அதற்குள் ஓடைப் பக்கம் ஓடிவிட்டது. அதை யாரோ சொன்னார்கள். அத்தான் காதில் விழுந்ததா தெரியாது. அவர் எதிர்ப்பக்கம் திரும்பி, இடது தோளில் துப்பாக்கியை வைத்துவிட்டார்.

நான் பார்த்தேன். வேலியில் என் பழைய நீலச் சேலை காற்றில் அவிழ்ந்து கிடந்தது. அதைத் திரும்பக் கட்டுவதற்காகத் தங்கமாரி குனிந்துகொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. போகாதே என்று அவளிடம் சொல்லியிருந்தேன். காரணம் சொல்லாமல் சொன்னால் யார் கேட்பார்கள்?

கூப்பிட்டால் திரும்ப மாட்டார் என்று எனக்குத் தெரிந்துபோனது. ஊர் கேட்கக் கத்தினேன்.

"அவியளுக்குக் கண்ணு தெரியாது! அவியளுக்குக் கண்ணே தெரியாது!"

விரல் நின்றுவிட்டது. சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி ஓடிவந்து குழலைப் பிடித்துத் தரையைப் பார்க்கத் திருப்பி, துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். தங்கமாரி நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். அத்தான் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். எழுப்பிக் கூட்டிக்கொண்டு வர இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுகிறார். சத்யபிரியாவுக்குத் தினமும் போன் செய்துகொண்டே இருக்கிறேன். அவள் எரிச்சல்படுகிறாள். எரிச்சல்படட்டும், குரல் கேட்டால் போதும்.

உமாராணி


கடம்பூர்
5.1.2025

மாப்பிள்ளை கிருஷ்ணராஜுக்கு,

சங்கரபாண்டி எழுதுவது. சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தாளில் மரச்சட்டத்தை வைத்து அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். வரி மேல் வரி ஏறியிருந்தால் பொறுமையாகப் பிரித்துப் படி. மேல்விலாசம் மட்டும் பக்கத்து வீட்டுக் கருப்பசாமி எழுதிக் கொடுத்தான்.

உன் அக்காள் சுடலை கோயிலுக்குப் போயிருக்கிறாள். சத்தியத்தை மீறிவிட்டோம் என்று அழுது அழுது அவளுக்குக் கண் வீங்கிவிட்டது. சத்தியத்தை வாங்கினவன் நான். தண்டனை இருந்தால் அது என் தலையில் விழட்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பேச வெட்கமாக இருக்கிறது.

நீ மரம் காயவில்லை என்று எழுதியதெல்லாம் எனக்கு அப்போதே புரிந்தது. நானும் மரம் தெரிந்தவன்தான். கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இரவல் வாங்கினேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் குருட்டாம்போக்கில் துப்பாக்கியைத் தூக்கவில்லை. பன்றியைப் பார்த்தேன். பிடரி மயிரைப் பார்த்தேன், கோரைப்பல்லைப் பார்த்தேன், அது என்னை ஏறிட்டுப் பார்த்ததையும் பார்த்தேன். இத்தனை மாதத்தில் எதையும் அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததே இல்லை. அந்த இடத்தில் தங்கமாரி இருந்தாள் என்கிறார்கள். டாக்டரிடம் போனில் கேட்டேன். சில பேருக்குக் கண் போன இடத்தில் இல்லாததெல்லாம் தெரியுமாம். கண் தெரியாது என்பது எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. அது பொய் சொல்லும் என்பது தெரியாது.

இப்போது பயமாக இருக்கிறது. ஆனால் என்னை எனக்குத் தெரியும். இந்தப் பயம் ஒருநாள் தெளிந்துவிடும். அடுத்த புரட்டாசியில் விதை போட்டதும், பன்றி இறங்கியிருக்கிறது என்று யாராவது சொன்னதும், எனக்குத் துப்பாக்கி வேண்டும் என்று தோன்றும். கண் கொஞ்சம் தேவலை என்று உனக்கு எழுதுவேன். உன் அக்காளைக் கெஞ்ச வைப்பேன். நானே மடிக்கேரிக்கு வந்து உன் முன்னால் நின்று அழுதாலும் அழுவேன். அன்றைக்கு நான் என்ன சொன்னாலும் நம்பாதே. இன்றைக்குப் பயத்தோடு எழுதுகிறேனே, இவன் சொல்வதைக் கேள். கட்டையை ஒருவனுக்கு, குழலை ஒருவனுக்கு, விசையை இன்னொருவனுக்கு என்று லைசென்ஸ் உள்ளவர்களாகப் பார்த்துத் தனித்தனியாகக் கொடுத்துவிடு. யாரிடம் கொடுத்தாய் என்று எனக்குச் சொல்லாதே.

பொங்கலுக்கு வருவதாக உமா சொன்னாள். அக்காளுக்குப் பிறந்த வீட்டுப் பொங்கல்படி கொண்டுவருவாய். அது மட்டும் போதும். வேறு எதையும் கொண்டுவராதே.

உன் அத்தான்
சங்கரபாண்டி